ஹில்ஸ்பரோ அம்மையாரும் அவர் காலத்துச் சபைப் பெண்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் எலைசா தாம்ப்சன் அம்மையாரைப் பற்றிய சிறுகுறிப்பு ஒன்று வந்திருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரில் 1816-இல் பிறந்து, 1905-இல் அதே ஊரில் கண்மூடிய, மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பெண்மணி அவர். 1873 டிசம்பரில் ஊர்ப் பெண்களைத் திரட்டிப் போய் மதுக்கடைகளில் முழந்தாளிட்டு ஜெபித்தவர். அந்தக் குறிப்பையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: ஜெபம் செய்தே கடைகளை மூட வைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நடைமுறையில் அது எப்படி நடந்தது? யாராவது பயிற்சி கொடுத்தார்களா? (திருநெல்வேலி வாசகர்)

ப: திட்டம் வெளியூரிலிருந்து வந்தது. பாஸ்டனைச் சேர்ந்த டாக்டர் டயோ லூயிஸ் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவாற்றி வந்தவர். தன் தாய் முன்பொரு காலத்தில் மதுக்கடைக்காரரிடம் நேரில் போய் மன்றாடியதை மேடைகளில் சொல்வார். 1873 கிறிஸ்துமஸ் வாரத்தில் ஹில்ஸ்பரோவில் அவர் பேசியபோது, "நாங்களும் செய்கிறோம்" என்று பெண்கள் எழுந்து நின்றார்கள். தாம்ப்சன் அம்மையார் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை. மகன் வீட்டுக்கு வந்து செய்தி சொன்னான். அவருக்கு அப்போது 57 வயது. ஆளுநராக இருந்த ஆலன் டிரிம்பிளின் மகள், வழக்கறிஞர் ஜேம்ஸ் ஹென்றி தாம்ப்சனின் மனைவி, எட்டுப் பிள்ளைகளின் தாய். பிள்ளைகளில் ஒருவரைக் குடி அழித்திருந்தது. மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாத அவரை ஊர்ப் பெண்கள் முன்னால் நிறுத்தியதற்கு இந்தத் துக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

மறுநாள் காலை பிரெஸ்பிடேரியன் ஆலயத்தில் கூடினார்கள். ஆண்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மகள் எடுத்துக் காட்டியிருந்த 146-ஆம் சங்கீதத்தை அம்மையார் வாசித்தார். பிரபுக்களை நம்பவேண்டாம் என்றும், திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் கர்த்தர் ஆதரிக்கிறார் என்றும் சொல்லும் சங்கீதம் அது. பிறகு பாவுல் கெர்ஹார்ட் ஜெர்மானிய மொழியில் எழுதி, ஜான் வெஸ்லி ஆங்கிலத்தில் தந்த ஒரு ஞானப்பாட்டைப் பாடிக்கொண்டு, எழுபது பேருக்குமேல் இரண்டிரண்டு பேராக வரிசையில் புறப்பட்டார்கள். உயரம் குறைந்தவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால்.

அவர்கள் முதலில் போனது மதுக்கடைகளுக்கு அல்ல, மருந்துக்கடைகளுக்கு. காரணம் இருக்கிறது. அந்நாளில் மருத்துவர் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம். மரியாதைப்பட்ட குடும்பத்து ஆண்கள் அங்கேதான் வாங்கினார்கள். ஆகவே இனி மது வியாபாரத்துக்குத் துணைபோகமாட்டேன் என்று கையெழுத்து வாங்கும் உறுதிமொழித் தாள்களும் தனித்தனியாகத் தயாரிக்கப்பட்டன. விற்பவருக்கு ஒன்று, மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று, சீட்டு எழுதும் மருத்துவருக்கு ஒன்று, கடைக்கு இடம் வாடகைக்கு விட்டவருக்கு ஒன்று. இந்த நான்கு கண்ணிகளில் எது அறுந்தாலும் வியாபாரம் தடுமாறும் என்பது கணக்கு. பக்தியின் வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்தத் தெளிவான திட்டத்தைக் கவனிப்பதில்லை.

ஒவ்வொரு கடையிலும் முறை ஒன்றுதான். உள்ளே போக அனுமதி கேட்பது, ஒரு வேதபகுதி, ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு கடைக்காரரிடம் பெயர் சொல்லி வேண்டுகோள். கையெழுத்துப் போடாவிட்டால் சண்டை இல்லை. மறுநாள் மீண்டும் வருவார்கள். கதவு பூட்டியிருந்தால் பனிபடிந்த நடைபாதையிலேயே முழந்தாள். கடைக்காரருக்கு இவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். அண்டை வீட்டு அக்கா, பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஞாயிறுபள்ளி ஆசிரியை என்று முகம் தெரிந்த பெண்களை விரட்ட யாருக்கும் மனம் வராது. முறையின் வலுவே அந்த முகப்பழக்கம்தான்.

கே: அந்தக் கடைகள் நிரந்தரமாக மூடிவிட்டனவா? (மதுரை வாசகி)

ப: இல்லை. அருகிலிருந்த வாஷிங்டன் கோர்ட் ஹவுஸ் என்ற ஊரில், மட்டில்டா கார்ப்பெண்டர் முன்னின்று நடத்தியபோது சில நாட்களிலேயே எல்லாக் கடைகளும் பணிந்தன. ஹில்ஸ்பரோவில் நிலைமை கடினம். டன் என்ற மருந்துக்கடைக்காரர் கையெழுத்திட மறுத்தார். பெண்கள் அவர் கடைக்கு எதிரே பலகையும் கித்தானும் கொண்டு ஒரு ஜெபக்கூடாரம் எழுப்பினார்கள். அவர் நீதிமன்றத் தடையாணை வாங்கினார். கூடாரத்தைப் பிரிக்க நேர்ந்தது. வேறு பல ஊர்களில் சில மாதங்களில் கடைகள் திறந்துகொண்டன.

தோல்விக்கான காரணங்களைச் சொல்லவேண்டும். சிற்றூரில் பலித்த முகப்பழக்கம் பெருநகரில் இல்லை. சின்சினாட்டி போன்ற நகரங்களில் பீர்க்கடைகள் ஜெர்மன் குடியேறிகளின் குடும்பப் பொழுதுபோக்கு இடங்கள். அங்கே ஆங்கிலப் பாட்டுப் பாடி நின்ற பெண்கள் அந்நியர்களாகத் தெரிந்தார்கள், சில வேளை அந்நியர்களை வெறுப்பவர்களாகவும். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. வாக்குரிமை இல்லாததால் கையெழுத்துத் தாளைத் தவிர வேறு பிடிமானமும் இல்லை. ஒஹாயோவில் அடேர் சட்டம் என்று ஒன்று இருந்தது. குடிக்கு அடிமையான கணவனால் நஷ்டப்பட்ட மனைவி, விற்றவர்மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த எலைசா ஸ்டூவர்ட் 1872-இல் அப்படிப்பட்ட வழக்கில் தாமே நடுவர்குழுவின்முன் பேசினார். ஆனால் ஒவ்வொரு மனைவியும் தனித்தனியே கணவனின் பெயரைக் கெடுத்து வழக்காடவேண்டும். எத்தனை பேர் துணிவார்கள்?

நிலைத்தது அமைப்புதான். 1874 நவம்பரில் கிளீவ்லாண்டில் பெண்களின் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் பிறந்தது. அதன் உறுப்பினர்கள் வெள்ளை ரிப்பன் அணிந்தார்கள். 1879 முதல் இறக்கும்வரை அதன் தலைவி, இல்லினாய் மாநிலம் எவன்ஸ்டனில் வாழ்ந்த ஃபிரான்சிஸ் வில்லர்ட்.

கே: அந்தக் காலத்து மெதடிஸ்ட் குடும்பத்தலைவியின் ஒரு வாரம் எப்படி இருந்திருக்கும்? (நாகர்கோவில் வாசகி)

ப: திங்கள் துணி துவைக்கும் நாள். ஒருமுறை துவைத்து, கொதிக்கவைத்து, அலசி முடிக்க சுமார் 50 கேலன், அதாவது 190 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிணற்றிலிருந்து இறைத்துச் சுமந்து வருவது பெரும்பாலும் அவளே. செவ்வாய் இஸ்திரி. சனியன்று ரொட்டி சுடுவதோடு ஞாயிற்றுக்கிழமைச் சமையலையும் முடித்துவிடவேண்டும். ஓய்வுநாளில் அடுப்பு வேலை கூடாது.

இதற்கிடையே வாரம் ஒருமுறை வகுப்புக் கூட்டம். ஏறக்குறைய பன்னிரண்டு பேர், ஒரு தலைவர். ஒவ்வொருவரும் எழுந்து தம் ஆத்துமாவின் நிலை என்ன என்று சொல்லவேண்டும். தலைவர் காணிக்கையும் வாங்குவார், வராதவரை வீட்டில் போய்ப் பார்ப்பார். புதிதாகச் சேர்ந்தவர் ஆறு மாதம் சோதனை உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அன்பின் விருந்து. அதில் ரொட்டியும் தண்ணீரும்தான், பிறகு சாட்சி சொல்லுதல். பிரசங்க மேடை ஏற முடியாத பெண்ணுக்குப் பத்துப் பேர் முன்னால் வாய்திறந்து பேசக் கிடைத்த இடம் இவை. மதுக்கடை வாசலில் சத்தமாக ஜெபிக்கும் துணிவு வானத்திலிருந்து விழவில்லை. இருபது முப்பது வருட வகுப்புக் கூட்டங்களில் பழகியது.

பணம் சேர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. கோழி 'பை' (மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம்) விருந்து, சிப்பி விருந்து, தையல் கூட்டம் என்று நடத்தி ஆலயத்துக்கு அடுப்பு, விளக்கு, தரைவிரிப்பு, சில இடங்களில் கூரைகூட வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் பெரிய அவையில் இடமில்லை. 1888-இல் வில்லர்ட் உள்ளிட்ட பெண்கள் மெதடிஸ்ட் பொதுமாநாட்டுக்குப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் உட்கார அனுமதிக்கப்படவில்லை. 1904-இல்தான் அந்த இடம் கிடைத்தது.

கே: மதுவை இவ்வளவு எதிர்த்தவர்கள் திருவிருந்துக்கு என்ன பயன்படுத்தினார்கள்? (தூத்துக்குடி வாசகர்)

ப: திருவிருந்து என்பது ஆலயத்தில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு. முதலில் உலர்திராட்சையை நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டிய சாறு. இது அவ்வப்போது செய்தால்தான் உண்டு. 1869-இல் நியூஜெர்ஸி மாநிலம் வைன்லாண்டில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர், தம் சபையின் திருவிருந்துப் பொறுப்பாளர், பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரின் சூடாக்கும் முறையைத் திராட்சைச் சாற்றில் செய்து பார்த்து வெற்றி கண்டார். ஆரம்பத்தில் சபைகள் வாங்கவில்லை. 1880-இல் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையின் ஒழுங்குமுறை நூல், முடிந்த இடங்களிலெல்லாம் புளிக்காத சாறே வேண்டும் என்றது.

வீட்டில் செய்யும் முறையையும் கேட்டிருக்கிறீர்கள். நன்கு பழுத்த கறுப்புத் திராட்சையைக் காம்பு நீக்கிக் கழுவி மசித்து, 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை மெல்லச் சூடாக்குங்கள். தோலின் நிறம் இறங்கும். துணிப்பையில் பிழிந்து, குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு தெளியவிட்டு, அடி மண்டியைக் கலக்காமல் மேல்சாற்றை எடுக்கவேண்டும். ஒரு கிலோவுக்கு அறுநூறு எழுநூறு மில்லி கிடைக்கும். பாட்டிலில் விளிம்புவரை நிரப்பாமல் ஊற்றி, அடியில் துணி விரித்த தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, சாறே 80 டிகிரிக்கு வந்தபின் இருபது நிமிடம் வைத்து, சூட்டோடு சூடாக மூடவேண்டும்.

கெட்டுப்போவது மூன்று விதம். சூடு போதாவிட்டால் தோலில் இயல்பாக உள்ள ஈஸ்ட் பிழைத்து, வாயு உண்டாகிப் பாட்டில் வெடிக்கும். கொதிக்கவிட்டால் சாறு வெந்த ஜாம் வாசனை அடிக்கும். மூடி கசிந்தால் மேலே பூஞ்சணம். குளிரில் அடியில் கண்ணாடித்தூள்போல் படிவது திராட்சையின் சொந்த உப்பு. பயப்பட வேண்டாம், வடிகட்டினால் போதும்.

கே: அவர்கள் பெரும்பாலும் எதனால் இறந்தார்கள்? இறந்தபின் உடலை யார் கவனித்தார்கள்? சவ அடக்கக் கம்பெனிகள் அப்போது உண்டா? (கோவை வாசகி)

ப: காசநோய், பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சல், டைபாய்டு, மலேரியாக் காய்ச்சல், 1849 போன்ற வருடங்களில் காலரா. இவற்றோடு அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்கே உரிய ஒரு நோயும் இருந்தது: பால் நோய். காட்டோரத்தில் வளரும் வெண்பூச் செடி ஒன்றைக் கோடை இறுதியில், புல் காய்ந்த வேளையில் மாடுகள் தின்னும். அதன் நஞ்சு பாலில் இறங்கும். மாடு நடுங்கும், பால் குடித்தவருக்கு ஓயாத வாந்தி, கடும் சோர்வு, மூச்சில் ஒரு நாற்றம், சில நாட்களில் மரணம். ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி 1818 அக்டோபர் 5 அன்று இந்தியானாவில் இறந்தது இதனால்தான் என்பது பொதுவான முடிவு. அவருக்கு வயது ஏறக்குறைய முப்பத்தைந்து. மேய்ச்சல் நிலங்கள் திருத்தி வேலியிடப்பட்டதும் நோய் அரிதானது.

உடலைக் கவனித்தது பெண்கள். ஊருக்கு இரண்டு மூன்று பேர் அதில் கைதேர்ந்தவர்கள். சபையில் மூத்தவர்களாக இருப்பார்கள். உயிர் பிரிந்த இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் விறைப்பு தொடங்கிவிடும் என்பதால் முதல் வேலை கண்ணை மூடி நாணயம் வைப்பது, தாடையைத் துணியால் கட்டுவது, கை கால்களை நேராக்குவது. தாமதித்தால் வாய் திறந்தபடியே நின்றுவிடும். பிறகு குளிப்பாட்டி, ஞாயிற்றுக்கிழமை உடையோ தைத்து வைத்த சவத்துணியோ உடுத்துவார்கள். துளையிட்ட பலகையில் கிடத்தி அடியில் பனிக்கட்டி வைப்பது வழக்கம். முகம் கறுக்காமலிருக்க வெடியுப்புக் கரைசலிலோ வினிகரிலோ நனைத்த துணியைப் போட்டு, காய்வதற்குள் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்காக இரவு முழுக்க இருவர் விழித்திருப்பார்கள். பெட்டி செய்வது தச்சர். நான்சி லிங்கனுக்குக் கணவரே செய்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப்பின், குறிப்பாக 1865-இல் லிங்கனின் உடல் பதப்படுத்தப்பட்டு ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டதை மக்கள் கண்டபின், பதப்படுத்தும் தொழில் பரவியது. அன்றைய திரவங்களில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. பழைய கல்லறைத் தோட்டங்களின் மண்ணைத் தோண்டுவோர் இன்றும் அதை மனதில் கொள்ளவேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். கடுங்குளிரில் மண் உறைந்து இறுகினால் தோண்ட முடியாது. உடல் கல்லறைத் தோட்டத்துப் பொது நிலவறையில் இளவேனில் வரும்வரை காத்திருக்கும். சுற்றுப்பயணப் போதகர் வருவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகலாம். அடக்கம் முன்னதாகவே முடிந்து, ஈமப் பிரசங்கம் பின்னால் நடக்கும். ஆகவே பழைய ஆவணத்தில் அடக்கத் தேதியும் பிரசங்கத் தேதியும் வெகுவாக விலகியிருந்தால் யாரோ தவறாக எழுதிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

கே: சபைப் பத்திரிகைகளில் வந்த இரங்கல் குறிப்புகளில் எல்லாருமே பாடிக்கொண்டே சாகிறார்களே. நம்பலாமா? (திருச்சி வாசகர்)

ப: அந்தக் குறிப்புகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. பிறந்த இடம், எந்த வருடம் எந்தப் போதகர் பிரசங்கத்தில் மனந்திரும்பினார், திருமணம், குடிபெயர்ந்த ஊர்கள், நோயில் காட்டிய பொறுமை, கடைசி வார்த்தை. மரணப்படுக்கையின் சமாதானம் விசுவாசத்துக்குச் சான்று என்று மெதடிஸ்டுகள் நம்பியதால் கடைசிப் பகுதியைப் போதகர் கவனமாகக் கேட்டு எழுதினார். காசநோயில் படிப்படியாக இறந்தவர்களுக்குத் தெளிவான கடைசி நாட்கள் அமைவது இயல்பே. டைபாய்டிலோ பிரசவக் காய்ச்சலிலோ இறந்தவர் கடைசியில் தெளிவாகப் பேசியதாக எழுதியிருந்தால் சற்று நிதானித்துப் படியுங்கள்; அந்த நோய்களில் பிதற்றலே அதிகம்.

மனந்திரும்பிய வருடம், குடிபெயர்ந்த ஊர்கள், போதகரின் பெயர் ஆகியவை பெரும்பாலும் சரியாக இருக்கும். பிள்ளைப்பேறுகளின் எண்ணிக்கை, வீட்டுத் துயரங்கள், கணவனின் குடி ஆகியவை விடுபடும். பெண்ணின் சொந்தப் பெயரே விடுபட்டு "இன்னாரின் மனைவி" என்று மட்டும் இருப்பதும் உண்டு. சபைப் பெண்கள் சங்கத்தின் வரவு செலவு ஏடு கிடைத்தால் அதையே முதலில் படியுங்கள். யார் எத்தனை சென்ட் கொடுத்தாள், எந்த மாதம் வராமல் போனாள், எந்த மாதம் திரும்பி வந்தாள் என்பதில் ஒரு பிரசவமோ ஒரு குழந்தையின் மரணமோ தேதியோடு தெரியவரும். அந்த ஏட்டைப் போற்றிக் காப்பவர்கள் குறைவாக இருப்பது வருத்தமே.

கே: ஃபிரான்சிஸ் வில்லர்ட் தகனம் செய்யப்பட்டதாகப் படித்தேன். பக்தியுள்ள கிறிஸ்தவருக்கு 1898-இல் அது சாத்தியமா? (புதுச்சேரி வாசகர்)

ப: ஆம். அவரே தம் வாழ்க்கை வரலாற்றில், இறந்த உடல் உயிரோடிருப்பவர்களின் உடல்நலத்துக்குத் தீங்காகக் கூடாது என்று காரணம் சொல்லித் தகனத்தை விரும்பியிருந்தார். 1898 பிப்ரவரி 17 அன்று நியூயார்க் விடுதி ஒன்றில் இறந்தார்; வயது 58. உடல் ரயிலில் சிகாகோ வந்து, பெண்கள் கட்டிய மதுவிலக்குச் சங்க மாளிகையில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. எவன்ஸ்டன் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஆராதனை. தகனத்துக்குப்பின் சாம்பல் சிகாகோ ரோஸ்ஹில் தோட்டத்தில் தாயின் கல்லறையில் வைக்கப்பட்டது. 1905-இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலைக்கூடத்தில் இல்லினாய் மாநிலம் அவருடைய சிலையை நிறுத்தியது. அந்தக் கூடத்தில் இடம்பெற்ற முதல் பெண் சிலை அது. கறுப்பின மக்கள் மீதான கும்பல் கொலைகளைப் பற்றி அவர் பேசிய விதத்தை, கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் வெளிப்படையாகக் கண்டித்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்தக் கண்டனம் நியாயமானது.

கே: எங்கள் வீட்டருகே பழைய கல்லறைத் தோட்டம். ஒரு சலவைக்கல்லில் "இன்னாரின் மனைவி, 1881 மார்ச் 12, வயது 63 வருடம் 8 மாதம் 20 நாள்" என்று இருக்கிறது. மேலே ஒரு கை, விரல் வானத்தைக் காட்டுகிறது. இவரைப் பற்றி மேலும் அறிய வழி உண்டா? கல்லைச் சுத்தம் செய்யலாமா? (ஒஹாயோ, கொலம்பஸில் வசிக்கும் வாசகி)

ப: முதலில் பிறந்த தேதி. 1881-3-12 இலிருந்து 63-8-20 ஐக் கழிக்கவேண்டும். 12 இல் 20 போகாது. முந்தைய மாதமான பிப்ரவரியின் 28 நாளைக் கடன் வாங்கினால் 40, மீதி 20. மாதம் 2 ஆகிவிட்டது. ஒரு வருடம் கடன் வாங்கி 14, எட்டுப் போக 6. வருடம் 1880 இல் 63 போக 1817. ஆக 1817 ஜூன் 20.

வம்சாவளி தேடுவோர் 8870 என்ற எண்ணை வைத்து ஒரு சுருக்கவழி சொல்வார்கள்: 18810312 இல் 630820 ஐக் கழித்து, அதிலிருந்து 8870 ஐக் கழித்தால் 18170622, அதாவது ஜூன் 22. இரண்டு நாள் வித்தியாசம் ஏனென்றால், அந்த வழி எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று கொள்கிறது. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. நாள், மாதம் இரண்டிலும் கடன் வாங்க நேர்ந்தால்தான் 8870. நாளில் மட்டும் கடன் என்றால் 70, மாதத்தில் மட்டும் என்றால் 8800, கடனே வேண்டாமென்றால் எதுவும் கழிக்கக் கூடாது. இதை அறியாமல் எல்லாவற்றிலும் 8870 ஐக் கழித்து இணையத்தில் ஏற்றிய தேதிகள் ஏராளம். கல்லில் "64-ஆம் வயதில்" என்று இருந்தால் 63 முடிந்தது என்று பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து ஆவணங்கள். ஒஹாயோவில் 1867 முதல் 1908 வரை இறப்புகளை மாவட்ட உயில் நீதிமன்றம் பதிந்தது. விடுபட்டவை அதிகம், ஆனாலும் முதலில் அங்கே பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கில் 1850 முதல்தான் வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரும் இருக்கும். அதற்கு முன் குடும்பத்தலைவர் பெயர் மட்டுமே. 1880 ஏட்டில் உறவுமுறையும் உண்டு. 1850 முதல் 1880 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளோடு இறப்புப் பட்டியலும் எடுக்கப்பட்டது. ஆனால் அது ஜூன் 1-க்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டும். இவர் 1881 மார்ச்சில் இறந்ததால் அதில் தேடிப் பயனில்லை. பிறந்த வீட்டுப் பெயருக்குத் திருமணப் பதிவையும், தந்தையின் உயிலையும் பாருங்கள். மகள்கள் 1900 வரை வாழ்ந்திருந்தால் அந்த வருட ஏட்டில் எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை உயிரோடிருக்கிறது என்ற இரண்டு கட்டங்கள் இருக்கும். 1890 ஏடுகள் பெரும்பாலும் 1921 தீவிபத்தையொட்டி அழிந்துவிட்டன.

வானத்தைக் காட்டும் விரல் பரலோக நம்பிக்கை. பற்றிய இரு கைகள் பிரிவு அல்லது திருமணம், ஆட்டுக்குட்டி குழந்தை. நீலச்சாம்பல் நிறத்தில், எழுத்து மங்காமல், தட்டினால் உலோக ஒலி தரும் கல் இருந்தால் அது கல்லே அல்ல, துத்தநாக வார்ப்பு. 1870-களிலிருந்து சுமார் நாற்பது வருடம் விற்கப்பட்டது.

சுத்தம் செய்ய முதலில் அனுமதி வேண்டும்; ஒஹாயோவில் இத்தகைய தோட்டங்கள் பல டவுன்ஷிப் (மாவட்டத்துக்குள் உள்ள உள்ளாட்சிப் பிரிவு) நிர்வாகிகளின் பொறுப்பில் உள்ளன. விரலால் தடவினால் சர்க்கரைபோல் உதிர்ந்தாலோ, மெல்லத் தட்டினால் உள்ளே பொள்ளலாக ஒலித்தாலோ தொடவே வேண்டாம். உறுதியாக இருந்தால் சுத்தமான தண்ணீரில் நன்றாக நனைத்து, மென்மையான பிளாஸ்டிக் அல்லது நார்த் தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்கு கீழே கோடு கோடாகக் கறைபடும். பாசிக்கு, கல்லறைப் பராமரிப்போர் பயன்படுத்தும் டி/2 கரைசல் போதும். பிளீச்சிங் கூடாது, அதன் உப்பு கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி மேற்பரப்பைப் பெயர்க்கும். கம்பித் தூரிகை, அழுத்த நீர் இரண்டும் கூடாது. உறைபனிக் காலத்திலும் வேண்டாம்.

எழுத்தைப் படிக்க ஷேவிங் கிரீம், மாவு, சுண்ணக்கட்டி பூசுவார்கள். இவை நுண்துளைகளில் தங்கிக் கல்லை அரிக்கும். நிலைக்கண்ணாடி ஒன்றால் வெயிலைப் பக்கவாட்டிலிருந்து கல்லின்மேல் சாய்த்து விழச்செய்து புகைப்படம் எடுங்கள். கணவரின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மனைவியின் சொந்தப் பெயர் பெரும்பாலும் அப்படித்தான் தெரியவரும்.

கே: இந்தப் பெண்களின் காணிக்கை நம் நாட்டுக்கு வந்ததா? (வேலூர் வாசகி)

ப: உங்கள் ஊருக்கே வந்தது. 1869-இல் பாஸ்டனில் மெதடிஸ்ட் பெண்கள் அயல்நாட்டு மிஷனெரிச் சங்கம் தொடங்கி, வாரம் இரண்டு சென்ட்டும் ஒரு ஜெபமும் என்று உறுப்பினர்களிடம் கேட்டார்கள். அந்தக் காசில் முதலில் அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர், ஒஹாயோவின் செயின்ட் கிளேர்ஸ்வில் அருகே 1840-இல் பிறந்த இசபெல்லா தோபர்ன். 1870-இல் லக்னோ கடைத்தெருவில் விரல்விட்டு எண்ணும் சில சிறுமிகளோடு அவர் தொடங்கிய பள்ளி, இன்றைய இசபெல்லா தோபர்ன் கல்லூரி. 1901 செப்டம்பர் 1 அன்று லக்னோவிலேயே காலராவில் இறந்தார்.

1920-களின் தொடக்கத்தில் ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காகப் பல சபைப் பெண்கள் சேர்ந்து நிதி திரட்டினார்கள். அவர்கள் இருபது லட்சம் டாலர் சேர்த்தால் ராக்ஃபெல்லர் நிதியம் பத்து லட்சம் தரும் என்பது நிபந்தனை, சேர்த்துக் காட்டினார்கள். பயன்பெற்றவற்றில் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும், அமெரிக்க மிஷனெரி மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1918-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் உண்டு. முன்னின்று நடத்திய லூசி பீபடி கன்சாஸில் பிறந்தவர். இளம் வயதில் சென்னையில் மிஷனெரியாக இருந்து, 1886-இல் முதல் கணவரை இங்கேயே இழந்தவர்.

கே: அமெரிக்க நண்பர் வீட்டில் பெயர்கள் எழுதிய பழைய ஒட்டுத்துணிப் போர்வை இருக்கிறது. சபைப் பெண்கள் செய்ததாம். எப்படிப் பாதுகாப்பது? (சென்னை வாசகி)

ப: நிதி திரட்டச் செய்த கையெழுத்துப் போர்வையாக இருக்கும். பெயர் ஒன்றுக்குப் பத்து சென்ட் போல வாங்கி, பெயரைத் துணியில் எழுதியோ சிவப்பு நூலால் தைத்தோ சேர்ப்பார்கள். நடுவில் போதகர் பெயர், சுற்றிலும் சக்கரத்தின் ஆரங்களாக மற்றவர்கள். அந்த ஊர்ப் பெண்களின் சொந்தப் பெயர்கள் ஒன்றாகக் கிடைக்கும் அரிய ஆவணம் அது.

துவைக்கக் கூடாது. சிவப்பு நூல் சாயம் இறங்கலாம். பழைய இரும்பு மை தண்ணீர் பட்டால் பரவும். அந்த மை துணியை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் துளை விழுந்திருந்தால் தைக்க முயலாமல் அப்படியே விடுங்கள். முதலில் ஒவ்வொரு கட்டமாகப் புகைப்படம் எடுத்துப் பெயர்களை எழுத்துக்கு எழுத்து படியெடுக்கச் சொல்லுங்கள். பிறகு அமிலமில்லாத தாளைச் சுருட்டி மடிப்புகளுக்குள் வைத்து, மரப்பெட்டியில் நேரடியாகப் படாமல் வெள்ளைப் பருத்தித் துணியில் பொதியவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றவேண்டும். ஒரே கோட்டில் மடிந்தே கிடந்தால் இழை அந்த இடத்தில் அறும். பிளாஸ்டிக் உறையும் பாச்சை உருண்டையும் வேண்டாம்.